கேட் 5 இசைத்தட்டுகள்

கேட் 5 என்பது அமெரிக்க இசையமைப்பாளர் ஹாரி பார்ட்ச் (ஜூன் 24, 1901 – செப்டம்பர் 3, 1974) தாம் இயற்றிய நுண்சுர இசையைக் கேட்போரிடம் நேரடியாகக் கொண்டு சேர்ப்பதற்காக 1953 இல் தொடங்கிய இசைத்தட்டு வெளியீடு ஆகும். கலிபோர்னியா மாநிலத்தின் சாசலிட்டோ நகரில் தொடங்கிய இவ்வெளியீட்டின் தட்டுகள் பெரும்பாலும் முன்பதிவு செய்தோருக்கு அஞ்சல் வழியாக விற்கப்பட்டன. பார்ட்ச்சின் முக்கிய படைப்புகள் பல, அரங்குக்கு வர இயலாத கேட்போரை முதலில் எட்டியது இத்தட்டுகளின் மூலமே.

சுருதி முறை

பியானோவில் ஒரு ஸ்தாயி பன்னிரண்டு சம பங்குகளாகப் பிரிக்கப்படுகிறது. ஸ்தாயியை 1200 சென்ட் எனக் கொண்டால் அடுத்தடுத்த இரு சுரங்களுக்கு இடையே 100 சென்ட் இருக்கும். இம்முறையில் பஞ்சமம் 700 சென்ட். 3/2 என்ற தூய விகிதத்தில் அமைந்த பஞ்சமமோ 702 சென்ட். இவ்வேறுபாடு பெரிதன்று. ஆனால் 5/4 விகிதத்தில் அமையும் அந்தர காந்தாரம் 386 சென்ட்டில் இருக்க, பியானோவின் காந்தாரம் 400 சென்ட்டில் நிற்கிறது. பழகிய காது இந்த 14 சென்ட் வேறுபாட்டை எளிதில் உணரும்.

ஹெல்ம்ஹோல்ட்ஸின் ஒலியியல் நூலை 1923 இல் படித்த பார்ட்ச், சமபங்கு முறையை ஒரு சமரசம் என்று கருதி அதனைக் கைவிட்டார். 1930 இல் நியூ ஓர்லியன்ஸ் நகரில், அதுவரை பதினான்கு ஆண்டுகளாக எழுதியிருந்த இசையை அடுப்பிலிட்டு எரித்தார். பின்னர் 11 வரையிலான ஒற்றைப்படை எண்களின் விகிதங்களிலிருந்து 29 சுரங்களைப் பெற்று, இடைவெளிகளை நிரப்ப மேலும் 14 சுரங்களைச் சேர்த்து, ஸ்தாயிக்கு 43 சுரங்கள் கொண்ட முறையை உருவாக்கினார். இதில் வரும் 11/8 என்ற சுரம் 551 சென்ட் அளவினது. அதாவது சுத்த மத்திமத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் ஏறத்தாழ நடுவில் அமைவது. முதன்முறை கேட்பவர் இதனைச் சுருதிப் பிழை என்றே எண்ணக்கூடும். இதனைக் கமகத்துடன் குழப்பிக்கொள்ளலாகாது. கமகத்தில் சுரம் அசைகிறது; பார்ட்ச்சின் முறையில் சுரங்கள் தத்தம் இடத்தில் நிலையாக நிற்கின்றன.

இசைத்தட்டின் தேவை

பிற இசையமைப்பாளர்கள் தம் படைப்பை அச்சிட்டு வெளியிட்டால் எந்த ஊர்க் கலைஞரும் அதனை வாசித்துப் பார்க்கலாம். பார்ட்ச்சுக்கு இவ்வழி அடைபட்டிருந்தது. 43 சுரங்களையும் வழக்கமான இசைக்கருவிகளில் எழுப்ப இயலாததால் அவரே கருவிகளைச் செய்தார். வயோலா ஒன்றுக்குச் செல்லோவின் நீண்ட விரற்பலகையைப் பொருத்தினார். காற்றுத்துருத்தி ஆர்மோனியத்தைத் திருத்தி 'குரோமலோடியன்' என்று பெயரிட்டார். பெர்க்லி கதிர்வீச்சு ஆய்வுக்கூடத்திலிருந்து கிடைத்த பெரிய கண்ணாடிக் குடுவைகளை வெட்டித் தொங்கவிட்டு மணிகளாக்கினார். ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிக் குறியீட்டு முறை இருந்தமையால், கருவி கையில் இல்லாதவருக்கு அவரது இசைத்தாள் அனேகமாகப் பயனற்றதே. அவர் நிலையான ஆசிரியப் பணி எதிலும் அமர்ந்ததில்லை. கருவிகளுடன் ஊர் ஊராக இடம்பெயர்ந்த அவருக்கு, இசையைத் தொலைவிலிருப்போருக்குக் கேட்கச் செய்ய ஒலிப்பதிவு ஒன்றே வழியாக இருந்தது.

தொடக்கம்

1953 இல் பார்ட்ச் சாசலிட்டோவில், போர்க்காலத்தில் இயங்கிப் பின் கைவிடப்பட்ட கப்பல் கட்டும் தளத்தில் தமது கூடத்தை அமைத்தார். அத்தளத்தின் ஐந்தாம் வாயிலே வெளியீட்டுக்குப் பெயராயிற்று. பண்டைய நகரச் சித்திரங்களில் கண்ணுக்குப் புலப்படும் வாயில்கள் நான்கு என்றும், ஐந்தாவது மாயைக்கு இட்டுச்செல்லும் புலப்படாத வாயில் என்றும் அவர் இப்பெயருக்கு விளக்கம் கூறியுள்ளார். நண்பர்கள் சேர்ந்து அமைத்த நிதியம் ஒன்று ஒலிப்பதிவுச் செலவுக்கு உதவியது.

முதல் வெளியீடு 'பிளெக்ட்ரா அண்ட் பெர்கஷன் டான்சஸ்'. இதன் முதற்பகுதியான 'காஸ்டர் அண்ட் பொலக்ஸ்' புதிய கேட்போருக்கு ஏற்றது எனலாம். இவ்விரிரு கருவிகள் சேர்ந்து வாசிக்கும் சிறு பகுதிகள் முதலில் தனித்தனியே ஒலிக்கின்றன; பின்னர் அவையே ஒருங்கே ஒலிக்கின்றன. அறிமுகமில்லாத கருவிகளின் குரலைத் தனியே கேட்டுப் பழகிய பின்னரே கூட்டொலியைக் கேட்கும் வாய்ப்பு இதனால் அமைகிறது.

ஈடிப்பசு பதிவு

அடுத்து வந்த 'ஈடிப்பசு' இசைநாடகத்தின் கதை சிக்கலானது. 1934 இல் உதவித்தொகை பெற்று ஐரோப்பா சென்ற பார்ட்ச், டப்ளினில் கவிஞர் வி. பி. யேட்சைச் சந்தித்தார். சோபாக்கிளீசின் நாடகத்துக்கு யேட்சு செய்த ஆங்கில ஆக்கத்தை இசையாக்கும் எண்ணத்தை யேட்சு மகிழ்ந்து வரவேற்றார். ஆயினும் நாடகம் 1952 இல்தான் ஓக்லாந்தின் மில்ஸ் கல்லூரியில் அரங்கேறியது. யேட்சு 1939 இலேயே மறைந்துவிட்டார். அவரது பதிப்புரிமையாளர்கள் ஒலிப்பதிவுக்கு அனுமதி மறுத்தனர். பேச்சின் ஏற்ற இறக்கத்தை ஒட்டியே இசை எழுதும் பார்ட்ச்சுக்குச் சொற்களை மாற்றுவது இசையையே மாற்றுவதாகும். எனினும் உரையைத் தாமே புதிதாக ஆக்கி, 1954 இல் பதிவுசெய்து வெளியிட்டார்.

குறைகள்

தட்டு முழுமையானதன்று என்பதைப் பார்ட்ச் நன்கு அறிந்திருந்தார். இசை என்பது உடலோடு இயைந்தது. வாசிப்போரின் அசைவும் கருவிகளின் தோற்றமும் அதன் பகுதிகள் என்பது அவரது கொள்கை. தட்டில் இவை எதுவும் இல்லை. ஒலியிலும் இழப்பு இருந்தது. 'மரிம்பா எரோய்கா' என்னும் பெருங்கருவியின் மிகத் தாழ்ந்த கட்டை வினாடிக்கு ஏறத்தாழ 22 அதிர்வுகளை எழுப்பும். இது பியானோவின் கடைசிச் சுரத்தினும் தாழ்ந்தது. அதனைச் செவியால் கேட்பதைவிட உடலால் உணர்வதே அதிகம். அக்கால வீட்டு ஒலிபெருக்கிகளில் அது வெளிப்பட வழியில்லை.

1971 இல் கொலம்பியா நிறுவனம் 'டெல்யூஷன் ஆஃப் தி ஃபியூரி' படைப்பை வெளியிட்டபோது, பார்ட்ச் தம் கருவிகளை ஒவ்வொன்றாக விளக்கும் தனித்தட்டு ஒன்றும் உடன் அளிக்கப்பட்டது.

எதிர்வினையும் தாக்கமும்

மிக ஆழமான எதிர்வினை சக இசையமைப்பாளர்களிடமிருந்து வந்தது. ஆனால் அது தட்டுகளுக்கு முன்னரே, 1949 இல் வெளியான 'ஜெனிசிஸ் ஆஃப் எ மியூசிக்' என்ற அவரது நூலின் வழி தொடங்கிவிட்டது. அந்நூலைப் படித்த லூ ஹாரிசன் தூய விகிதச் சுருதிக்குத் திரும்பினார். பென் ஜான்ஸ்டன் 1950 இல் பார்ட்ச்சிடமே வந்து உடனிருந்து கற்றார். கருவி செய்வதில் நாட்டமில்லாத ஜான்ஸ்டன், அதே விகிதங்களை வழக்கமான நரம்புக்கருவி நால்வர் குழுவுக்கு எழுதினார். குருவின் வழியிலிருந்து இவ்வாறு விலகியதனாலேயே இவ்விசை பிற குழுக்களின் கைக்கும் எட்டியது எனலாம்.

பார்ட்ச் சரக்கு இரயிலில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சிகாகோ சென்ற 1941 ஆம் ஆண்டுப் பயணத்தைப் பாடும் 'யு. எஸ். ஹைபால்' படைப்பின் 1946 ஆம் ஆண்டுப் பதிவு, அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் 2004 ஆம் ஆண்டுக்கான தெரிவுகளுள் இடம்பெற்றது.

மூலக் கருவிகள் 1990 முதல் டீன் டிரம்மண்டின் பொறுப்பில் இருந்தன. அவர் 2013 இல் மறைந்தபின், 2014 இல் அவை வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. செருமனியின் கொலோன் நகரைச் சேர்ந்த மியூசிக்ஃபாப்ரிக் குழு கருவிகள் அனைத்துக்கும் புதிய பிரதிகளைச் செய்வித்து, 2013 இல் 'டெல்யூஷன் ஆஃப் தி ஃபியூரி' படைப்பை மீண்டும் மேடையேற்றியது.