கம்பளி எடுக்கப் போன பெண்

விடியற்காலை எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். முகத்துவாரத்தில் ஃபைபர் படகுகள் திரும்பிக்கொண்டிருந்தன. பேச்சு எங்கெங்கோ போய் டைட்டானிக்கில் வந்து நின்றது. வலை பிரித்துக்கொண்டிருந்த தம்பி ஒருவர் கேட்டார்: “அன்னிக்குக் கடல் அலையே இல்லாம கெடந்துச்சாம். எல்லாரும் லைஃப் ஜாக்கெட்டும் போட்டிருந்தாங்களாம். அப்புறம் எப்படிண்ணே மூழ்கிச் செத்தாங்க?”

கடலில் கிடந்து பழகியவருக்குத்தான் இந்தக் கேள்வி தோன்றும். இதற்கு விடை தேட, அந்தக் கப்பலில் இருந்த ஒரு பெண் பிள்ளையின் கூடவே நாமும் கொஞ்ச தூரம் போய்வரலாம்.

பெயர் ரூத் பெக்கர். நமக்கு அவ்வளவு தூரத்துப் பிள்ளையும் இல்லை. அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரில் 1899இல் பிறந்தவள். அப்பா அங்கே லூத்தரன் மிஷனரி. கைக்குழந்தையான தம்பி ரிச்சர்டுக்கு உடம்பு சரியில்லை. இந்த ஊரில் இருந்தால் பிழைக்க மாட்டான் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அம்மா நெல்லி மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். அப்பா பின்னால் வருவதாக ஏற்பாடு. 1912 ஏப்ரலில் டைட்டானிக்கில் இரண்டாம் வகுப்பில் ஏறியபோது ரூத்துக்கு வயது 12.

ஏப்ரல் 14, இரவு 11.40க்குக் கப்பல் பனிப்பாறையில் மோதியது. மேல்தளத்துக்கு வந்த பிறகு, குளிர் தாங்காது என்று அம்மா ரூத்தைத் திரும்பக் கீழே அனுப்பினார், கம்பளி எடுத்துவர. அவள் எடுத்துக்கொண்டு வந்தாள். 11ஆம் எண் படகில் சின்னப் பிள்ளைகள் இரண்டையும் தூக்கிவைத்தார்கள், அம்மாவும் ஏறிவிட்டார். அதோடு படகு நிறைந்துவிட்டது. வேறு படகில் ஏறிக்கொள் என்று அம்மா கத்த, அது கீழே இறங்கிப் போனது. கையில் கம்பளிகளோடு தனியாக நின்றவள், 13ஆம் எண் படகில் தன்னையும் ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கேட்டு ஏறினாள்.

அந்தப் படகுக்கு இன்னொரு கண்டம் காத்திருந்தது. கப்பலின் விலாவிலிருந்து தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. எஞ்சினை ஓட்டி முடித்த நீராவியைக் குளிரவைத்து மறுபடி தண்ணீராக்கும் இடத்துக்குக் கண்டென்சர் என்று பெயர். சோற்றுப் பானை மூடியில் ஆவி துளியாக மாறுகிற அதே வேலை. அதைக் குளிர்விக்க கடல்நீரை உள்ளே இழுத்து வெளியே விடுவார்கள். எண்ணூர் ஆற்றில் அனல் மின் நிலையத்துச் சுடுதண்ணீர் வந்து விழுவதைப் பார்த்தவர்களுக்கு அதன் வேகம் தெரியும். அந்த நீர் 13ஆம் படகைத் தள்ளிக்கொண்டுபோய், மேலிருந்து இறங்கிக்கொண்டிருந்த 15ஆம் படகுக்கு நேர் கீழே நிறுத்தியது. கயிற்றை அறுத்து விலகியதால் பிழைத்தார்கள்.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருவோம். கப்பலில் சுமார் 2,200 பேர். மிதவைச் சட்டைகள் 3,500க்கும் மேல். பஞ்சம் படகுக்குத்தான். எனவே தண்ணீரில் விழுந்தவர்களில் பலர் மூழ்கவில்லை, மிதந்தார்கள். அவர்களைக் கொன்றது குளிர்.

நம் கடல் 25 டிகிரிக்குக் கீழே போவது அரிது. படகு கவிழ்ந்தால் ஒரு கேனைப் பிடித்துக்கொண்டு இரவைக் கழித்துவிட முடிகிறது. அங்கே அன்று தண்ணீர் பூஜ்ஜியத்துக்கும் கீழே, ஏறக்குறைய இரண்டு டிகிரி. உப்பு இருப்பதால்தான் உறையாமல் இருந்தது. மீன் பெட்டிக்கு ஐஸ் நொறுக்கிப் போடும்போது கையை உள்ளேயே கொஞ்ச நேரம் வைத்திருங்கள். முதலில் சுரீர் என்னும், பிறகு வலிக்கும், அப்புறம் விரல் உங்கள் பேச்சைக் கேட்காது. உடம்பு முழுக்க அப்படி ஆவதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

முதல் நிமிடம் மூச்சு நம் வசத்தில் இருக்காது. ஏங்கி ஏங்கி இழுக்கும். பத்து நிமிடத்தில் கைகால் சோர்ந்துவிடும். உடம்பு தன் சூட்டை நெஞ்சுக்கும் மூளைக்கும் ஒதுக்கிவிட்டு, கைகாலைக் கைவிடுவதுதான் காரணம். எவ்வளவு பெரிய நீச்சல்காரரும் அதற்குமேல் நீந்த முடியாது. ஒரு மணி நேரத்துக்குள் நினைவு தப்பும். கப்பல் மூழ்கியது 2.20க்கு. மீட்க வந்த கார்பேத்தியா கப்பல் முதல் படகைச் சேர்ந்தது நான்கு மணிக்குப் பிறகு.

இன்னொன்றும் இருக்கிறது. மூழ்குபவரால் பெரும்பாலும் கத்த முடியாது. வாய் தண்ணீரில் இருக்கும். மிதப்பவரால் கத்த முடியும். படகுகளில் இருந்த பிள்ளைகள் அன்று இரவு கேட்டது அந்த மிதந்தவர்களின் குரலை. அது சிறிது சிறிதாக அடங்கியதையும் கேட்டார்கள். 9 வயதில் அப்பாவை அங்கே விட்டுவந்த ஃபிராங்க் கோல்ட்ஸ்மித், பிறகு டெட்ராய்ட்டில் ஒரு பேஸ்பால் மைதானத்துக்கு அருகில் வளர்ந்தார். கூட்டத்தின் ஆரவாரம் அந்த இரவின் சத்தம் போலவே இருந்ததால், தன் பிள்ளைகளை ஆட்டம் பார்க்கக் கூட்டிப்போனதே இல்லை.

படகுக்குள்ளேயும் குளிர்தான். 13ஆம் படகில், கொதிகலனுக்குக் கரி தள்ளியவர்கள் வேலை செய்த கோலத்திலேயே மெல்லிய உடுப்போடு நடுங்கிக்கொண்டிருந்தார்கள். ரூத் கொண்டுவந்த கம்பளிகள் அவர்களுக்குப் போயின. கம்பளி சூடு தருகிறது என்று நாம் சொல்கிறோம். அது எதையும் தருவதில்லை. நம் சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது, ஃப்ளாஸ்க் டீயைப் பிடித்துவைப்பது போல. கம்பளிக்காகக் கீழே போய்வந்தவள் தாயைப் பிரிந்தாள். அந்தக் கம்பளிகளால் முன்பின் தெரியாத சிலர் அந்த விடியலைத் தாங்கினார்கள். இந்த இடத்தை என்னால் சட்டென்று கடந்துபோக முடிவதில்லை.

கார்பேத்தியாவில் சில மணி நேரம் கழித்து அம்மாவையும் தம்பி தங்கையையும் கண்டாள். ரிச்சர்டு பிழைத்து, வளர்ந்து, பாடகராகவும் ஆனார். ரூத் கான்சாஸில் பள்ளி ஆசிரியையாக இருந்தார். சொந்தப் பிள்ளைகளுக்கே, சிறு வயதில், அம்மா டைட்டானிக்கில் வந்தவர் என்று தெரியாது. முதுமையில்தான் பேசத் தொடங்கினார்.

1990 மார்ச்சில், 1912க்குப் பிறகு முதன்முறையாகக் கப்பலேறி மெக்சிகோ போய்வந்தார். அந்த ஜூலையில் 90 வயதில் இறந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, ஓர் ஏப்ரலில், டைட்டானிக் கிடக்கும் இடத்துக்கு மேலே அவருடைய சாம்பலைக் கரைத்தார்கள்.