மின்னேற்றங்கொண்ட நெடுமூலக்கூறுகளும் இழுவிசையும்

1876 ஆம் ஆண்டில் கியூ தாவரவியற் பூங்காவிலிருந்து இலங்கைக்கு வந்த இறப்பர் நாற்றுகள் ஹெனரத்கொடையில் நடப்பட்டன. இன்று கல்கிசையை அடுத்த இரத்மலானையில் இறப்பர் ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வுகூடங்கள் அமைந்துள்ளன. ஆதலின், நெடுமூலக்கூறுகளின் மீள்தன்மையை ஆராயப் புகும் நாம் இறப்பரிலிருந்தே தொடங்குதல் பொருத்தமாகும்.

இறப்பர்ச் சங்கிலி ஏற்றமற்றது. அது கொள்ளத்தக்க சுருள்நிலைகள் எண்ணற்றவை. இழுக்கும்போது அவை குறைகின்றன, எந்திரப்பியும் குறைகின்றது. கைவிட்டதும் சங்கிலி மீண்டும் சுருள்கின்றது. பாரமொன்றால் நீட்டப்பட்ட இறப்பர் சூடாக்கப்படின் சுருங்குவதும் இதனாலேயாம். இறப்பர்ப் பாலிலோ துணிக்கைகளின் மேற்பரப்பில் மறையேற்றம் உண்டு. போமிக்கமிலம் சேர்த்ததும் அவ்வேற்றம் தணியப் பால் திரள்கின்றது. இவ்வேற்றம் சங்கிலியின்மீதே அமைந்திருப்பின் யாது நிகழும்?

அத்தகைய சங்கிலிகளைப் பல்மின்பகுபொருள்கள் என்பர். கபிலநிறக் கடற்பாசிகளின் அல்சினேற்றும், மூட்டுகளிலுள்ள ஐயலூரோனிக்கமிலமும், பரம்பரையலகுகளைத் தாங்கும் டீ.என்.ஏ.யும் இவ்வினத்தன. ஒத்த ஏற்றங்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் இச்சங்கிலி இழுக்கப்படுமுன்னரே ஓரளவு விரிந்து நிற்கும். கரைசலில் உப்பு மிகுந்தால் எதிரயன்கள் சூழ்ந்து அத்தள்ளுகையை மறைக்கும். 1923 இல் டெபாய், ஹக்கெல் ஆகியோர் வகுத்த கொள்கைப்படி, தள்ளுகை எட்டும் தூரம் 0.001 மூலர் உப்புக்கரைசலில் ஏறத்தாழ 10 நனோமீற்றர். கடல்நீரிலோ அரை நனோமீற்றரிலும் குறைவு. ஏற்றம் சங்கிலிக்கு அளிக்கும் விறைப்பை 1977 இல் ஒடைக் என்பவரும், தனியே இசுகொல்னிக், பிக்சுமன் ஆகியோரும் கணித்துக் காட்டினர்.

எனவே மெல்லிய விசையில் உப்பின் செல்வாக்கு மிகுதியாகும். உப்புக் குறைந்த கரைசலில் குறித்த நீட்சியை எய்தச் சிறுவிசை போதும். உப்பு மிகுந்ததில் கூடிய விசை வேண்டும். விசை வளர, சங்கிலியின் எஞ்சிய வளைவுகள் தள்ளுகைத் தூரத்தினும் சிறியனவாகி, இவ்வேறுபாடு குன்றுகின்றது.

தனி மூலக்கூறொன்றை இழுத்தளத்தல் 1992 இல் டீ.என்.ஏ.யில் கைகூடியது. வழமையான உப்புச்செறிவில் ஏறத்தாழ 65 பைக்கோநியூற்றன் விசையில் அது திடீரெனத் தன் இயல்பான நீளத்தின் 1.7 மடங்காக நீள்வது 1996 இல் அறியப்பட்டது. உப்புக் குறையின், இரு இழைகளின் தள்ளுகை ஓங்கி, இம்மாற்றம் சிறிய விசையிலேயே நிகழும்.

இதனால் நாம் பெறும் முடிபு தெளிவானது. இறப்பரின் விதி எந்திரப்பியை மாத்திரமே கணக்கிற்கொள்வது; அதனை ஏற்றமுள்ள சங்கிலிக்கு அவ்வாறே பொருத்துதல் தவறாகும். உப்பின் செறிவைக் கூறாது இத்தகைய மூலக்கூறொன்றின் விறைப்பைக் கூறுவது, வெப்பநிலையைக் கூறாது வாயுவொன்றின் கனவளவைக் கூறுவதை ஒக்கும்.