பாகம் வேறு, துப்பாக்கி வேறு அல்ல

உதிரிப் பாகங்களை வாங்கி, அரத்தால் ராவி, ஒன்றோடொன்று பொருத்தி, பழைய ரகக் கைத்துப்பாக்கி ஒன்றை வீட்டுப் பட்டறையிலேயே உருவாக்குவது அமெரிக்காவில் பலருக்குப் பொழுதுபோக்கு. ஜான் பிரவுனிங் வடிவமைத்து, 1911 மார்ச்சில் அந்நாட்டு ராணுவம் ஏற்ற ரகத்துக்குத்தான் அவர்களிடம் பெரிய மவுசு. அங்கே சட்டம் துப்பாக்கி என்று எண்ணுவது அதன் சட்டகத்தை மட்டுமே. குழலும் ஸ்லைடும் சுருள்வில்லும் கடையில் கிடைக்கும் சாமான்கள்.

டெல்லியில் அப்படி இல்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பாகங்களையும், ஆயுதம் செய்யும் இயந்திரங்களையும் ஆயுதக் கணக்கிலேயே சேர்க்கிறது. உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வதை மட்டுமல்ல, பழுது பார்ப்பதையும் 5-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் மீறியவருக்குக் குறைந்தது 7 ஆண்டு சிறை. ஆயுள் தண்டனை வரையும் போகலாம். கடுமைதான். ஆனால் குடிசைப் பட்டறைகளில் உருவாகும் ‘கட்டா’ எனும் நாட்டுத் துப்பாக்கி வட இந்தியாவில் குடித்த உயிர்களை எண்ணினால், கடுமைக்குக் காரணம் புரியும்.

45-ஆம் பிரிவில் சில விலக்குகள் உண்டு. சிறு பாகம் ஒன்றை வைத்திருக்கலாம். ஆனால் அதனுடன் சேரும் மற்ற பாகங்களோடு பொருத்தும் எண்ணம் இருக்கக் கூடாது. அந்தப் பாகங்கள் வேறொருவர் கையில் இருந்தாலும் இதே கதைதான். வழக்கொழிந்த பழந்துப்பாக்கிக்கும் விலக்கு உண்டு. பழுது நீக்கினாலும் சுட முடியாததாக அது இருக்க வேண்டும். செத்த விசைக்கு உயிர் கொடுப்பதில்தான் இந்தப் பொழுதுபோக்கின் இன்பமே. சட்டம் சலுகை தருவதோ உயிர் திரும்பாத துப்பாக்கிக்கு.

இந்தக் கைவேலை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. அக்பரின் துப்பாக்கிப் பட்டறை பற்றி அவரது அவை வரலாற்றாசிரியர் அபுல் ஃபஸல் ‘அயினி அக்பரி’யில் விரிவாகவே எழுதியிருக்கிறார். இரும்புத் தகட்டை மடித்து விளிம்புகளை ஒட்டிய பழைய குழல்கள் எளிதில் வெடித்துவிடும். அதனால் தகட்டைக் காகிதச் சுருள்போலச் சாய்வாகச் சுற்றிக் காய்ச்சி இணைக்கும் முறை வந்தது. மாடு சுற்ற ஒரு சக்கரம் சுழலும். அதில் 16 குழல்கள் ஒரே நேரத்தில் சுத்தமாகும். இரும்பின் எடை, அது வந்த இடம், செய்தவர் பெயர், செய்த ஊர், தேதி, வரிசை எண் எல்லாம் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் குறிக்கப்பட்டன. அரண்மனைப் பட்டறையில்கூடக் கணக்கில் வராத துப்பாக்கி கிடையாது.

இன்று டெல்லியில் துப்பாக்கி மேல் ஆசை கொண்டவருக்குத் திறந்திருக்கும் கதவு துக்ளகாபாதில் இருக்கிறது: 1982 ஆசிய விளையாட்டுகளுக்காக எழுந்த, இப்போது கர்ணி சிங் பெயர் தாங்கும் சுடுதளம். போட்டிகளில் பயன்படும் 4.5 மி.மீ. ஏர் பிஸ்டலின் குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்குள் அடங்கினால் அதற்கு உரிமம் தேவையில்லை. அதன் மரப்பிடியைத் தன் உள்ளங்கைக்கேற்ப அரத்தால் ராவுவதும், குறைந்த இடத்தில் மரப் புட்டியை அப்பி உப்புத்தாள் போடுவதும் வீரர்களின் அன்றாட வேலை. விசை குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். ராவி முடித்த பிஸ்டல் 420 மி.மீ. நீளம், 200 மி.மீ. உயரம், 50 மி.மீ. அகலமுள்ள சோதனைப் பெட்டிக்குள் அடங்கினால்தான் போட்டிக்குப் போகலாம்.