காற்று கூடினால் பாய் குறைவது ஏன்?

ராமேஸ்வரம் தீவில் கோடையில் தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும். மழைக்காலம் ஓய்ந்தபின் வடகிழக்கிலிருந்து வாடை வீசும். விண்ட்சர்ஃபிங் பயணத்துக்கு நாள் குறிக்குமுன் இதைப் பார்க்க வேண்டும்.

எந்தக் கரையில் இறங்குவது?

கச்சான் வீசும்போது தெற்கே மன்னார் வளைகுடாவில் அலை எழும். வடக்கே பாக் விரிகுடாக் கரையோரம் தண்ணீர் தட்டையாகக் கிடக்கும். வடகரைக்குக் காற்று நிலத்தைக் கடந்து வருவதால், அலை வளர அங்கே நீர்ப்பரப்பு போதாது. ஆனால் அதே காற்று ஆளைக் கடலுக்குள் தள்ளிவிடும். துணைப்படகு இல்லாமல் புதியவர்கள் இறங்கவே கூடாது.

எவ்வளவு பெரிய பாய்?

காற்றின் வேகம் இருமடங்கானால் பாயில் விழும் விசை நான்கு மடங்காகும். அதனால்தான் வேகம் கூடும்போது சிறிய பாய் வேண்டும். தோராயக் கணக்கு இது: உடல் எடையை 1.4ஆல் பெருக்கி, காற்று வேகத்தால் (நாட்) வகுக்கவும். 75 கிலோ எடையுள்ளவருக்கு 15 நாட் காற்றில், அதாவது மணிக்கு சுமார் 28 கி.மீ. வேகத்தில், 7 சதுர மீட்டர் பாய் தேவை. 25 நாட் காற்றில் 4.2 போதும்.

பலகையும் துடுப்பும்?

பலகையின் 1 லிட்டர் கொள்ளளவு சுமார் 1 கிலோ எடையைத் தாங்கும். புதியவருக்குக் கொள்ளளவு மிகுந்த, அகலமான பலகையே நல்லது. பாக் விரிகுடாவில் கடற்புல் அதிகம். பலகையின் அடியிலுள்ள துடுப்பு நேர்த்துடுப்பானால் புல் சிக்கும், பின்சாய்ந்த துடுப்பில் வழுக்கிப் போய்விடும்.

இரு பாய்களுக்கிடையே தயக்கம் வந்தால், சிறியதையே எடுங்கள்.