ஆபத்துக்கு உதவும் பை

(பத்தாம் வகுப்பு மாணவி)

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்ற செய்தியைக் கேளாமல் ஐப்பசியும் கார்த்திகையும் கழிந்த ஆண்டு நமது கடற்கரை மாவட்டங்களுக்கு இல்லை எனலாம். மழை நமக்குத் தேவை. வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் ஏரிகள் வறண்டுவிடும். ஆனால் அதே மழை புயலாகவும் வெள்ளமாகவும் வரும்போது, சில நிமிடங்களில் வீட்டை விட்டு வெளியேற வேண்டிய நிலை ஏற்படுகிறது. அவ்வேளையில் கையில் எதை எடுத்துச் செல்வது? இக்கேள்விக்கு முன்கூட்டியே விடை கண்டு ஒரு பையில் கட்டி வைப்பதைப் பற்றியே இக்கட்டுரை.

சென்ற காலம் கற்பித்த பாடம்

1964-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் வீசிய புயலில் தனுஷ்கோடி என்ற ஊரே அழிந்தது. 2015 டிசம்பரில் சென்னையில் அடையாறு கரைபுரண்டபோது, உயிர் தப்பிய பலரும் தங்கள் சான்றிதழ்களை இழந்தனர். அவற்றுக்கு நகல் வழங்குவதற்கென்றே அரசு தனி முகாம்கள் நடத்த வேண்டியதாயிற்று. 2018 நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் வேதாரணியம் அருகே கரையைக் கடந்த கஜா புயல், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. பல ஊர்களில் வாரக்கணக்கில் விளக்கு எரியவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்போது திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட இரயில் ஒன்று ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, சுமார் 800 பயணிகள் வெள்ளத்தின் நடுவே சிக்கினர். அருகிலிருந்த புதுக்குடி கிராமத்து மக்கள் தங்கள் வீட்டு அரிசியைப் பொங்கி அவர்களுக்கு உணவளித்தனர்.

இந்நிகழ்ச்சிகளிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. ஆபத்தில் சோறு கொடுக்க மனிதர்கள் வருவார்கள், அரசும் வரும். ஆனால் சில பொருள்களை எவராலும் கொடுக்க இயலாது.

இரவல் கிடைக்காத பொருள்கள்

மத்தேயு நற்செய்தியில் வரும் பத்துக் கன்னியர் உவமையை நாம் அனைவரும் அறிவோம். அறிவுள்ள ஐவர் தங்கள் எண்ணெயில் பங்கு கொடுக்க மறுத்தது ஏன் என்று மறைக்கல்வி வகுப்பில் நம்மில் பலருக்குச் சந்தேகம் எழுவதுண்டு. அவசரப் பையைப் பற்றி எண்ணும்போது அதற்கு ஒரு விளக்கம் கிடைக்கிறது. பாட்டியின் மூக்குக் கண்ணாடியைப் பக்கத்து வீட்டாரிடம் இரவல் வாங்க முடியுமா? அப்பாவின் இரத்த அழுத்த மாத்திரையை முகாமில் தேடினால் உடனே கிடைக்குமா? என் மதிப்பெண் சான்றிதழுக்குப் பதிலாக இன்னொருத்தியின் சான்றிதழ் உதவுமா? உதவாது. அவரவர் விளக்குக்கு அவரவரே எண்ணெய் வைத்திருக்க வேண்டும்.

ஆகவே பை கட்டுவதற்கு ஒரே ஒரு விதியை நினைவில் கொண்டால் போதும். முகாமில் எளிதில் கிடைப்பதைக் குறைவாகவும், கிடைக்காததை முதலிலும் வைக்க வேண்டும்.

பையில் இருக்க வேண்டியவை

முதலாவது, மருந்து. வீட்டில் எவரேனும் நாள்தோறும் மருந்து உண்பவராயின், ஏழு நாட்களுக்கான மாத்திரைகளும் மருத்துவரின் சீட்டின் நகலும் வைக்க வேண்டும். இவற்றுடன் பஞ்சு, கட்டுத்துணி, காயத்துக்குத் தடவும் மருந்து, காய்ச்சல் மாத்திரை, உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஆகியவை போதும். பொட்டலம் தீர்ந்துவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டிக் கலந்து கொள்ளலாம். வெள்ளத்துக்குப் பின் வயிற்றுப்போக்கு பரவுவது வழக்கமாதலால் இதனை ஒவ்வொரு மாணவியும் அறிந்திருப்பது நலம்.

இரண்டாவது, ஆவணங்கள். குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், பட்டா, மதிப்பெண் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களைப் பாலிதீன் உறையில் இட்டு, அதனை மற்றோர் உறையில் இட்டு இறுகக் கட்ட வேண்டும். அசல்களையும் இவ்வாறே ஒரே கோப்பில் வைத்திருந்தால் ஒரு கையால் எடுத்துவிடலாம். குடும்பத்தினர் அனைவரும் சேர்ந்திருக்கும் புகைப்படம் ஒன்றும் அவசியம். கூட்டத்தில் யாரேனும் பிரிந்துவிட்டால் காட்டித் தேடுவதற்கு அதுவே துணை. தொலைபேசி எண்களை ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். கைப்பேசி அணைந்துவிட்டால் அதிலுள்ள எண்களும் நமக்கு இல்லாமற் போய்விடும். மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, ஆம்புலன்ஸ் 108, அவசர உதவி 112 ஆகிய எண்களும் அத்தாளில் இருக்கட்டும்.

மூன்றாவது, பணம். மின்சாரம் இல்லையேல் பணம் தரும் இயந்திரம் வேலை செய்யாது. கோபுரம் சாய்ந்தால் கைப்பேசி வழியே பணம் அனுப்பவும் இயலாது. ஆகவே பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாகச் சிறிதளவு வைத்தல் நன்று.

நான்காவது, வெளிச்சமும் செய்தியும். ஒரு டார்ச் விளக்கு, பாட்டரியில் இயங்கும் சிறிய வானொலி, கைப்பேசிக்கு மின்னேற்றும் பவர் பேங்க் ஆகியவை வேண்டும். பாட்டரிகளை உள்ளே போடாமல் தனியே வைத்தால் கசிந்து கருவியைக் கெடுக்காது. ஒரு விசிலும் இருக்கட்டும். குரல் கம்மிய பின்னும் விசில் ஒலிக்கும்.

ஐந்தாவது, உணவும் நீரும். அடுப்பு இல்லாமலே உண்ணக்கூடியவை வேண்டும். அவல், பொட்டுக்கடலை, கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், ரஸ்க் ஆகியவை நமது கடைகளிலேயே கிடைக்கும். அவலுக்குச் சிறிது நீர் போதும். ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் மூன்று லிட்டர் நீர் தேவை என்பர். அப்படியானால் நால்வருக்கு மூன்று நாளைக்கு 36 லிட்டர் ஆகிறது. அதனை யாராலும் சுமக்க முடியாது. எனவே ஆளுக்கு ஒரு லிட்டர் புட்டியும், கிணற்று நீரையோ குழாய் நீரையோ தூய்மைப்படுத்தும் குளோரின் மாத்திரைகளும் எடுத்துச் சென்றால் போதும். மாத்திரையின் அளவை உறையில் அச்சிட்டபடி பின்பற்றி, அரை மணி நேரம் காத்திருந்து பருக வேண்டும்.

ஆறாவது, உடை. ஒரு மாற்றுடை, ஒரு துண்டு, ஒரு போர்வை, சோப்பு. பெண்கள் தங்களுக்கு மாதந்தோறும் தேவைப்படும் நாப்கின்களையோ தூய துணிகளையோ தவறாமல் வைக்க வேண்டும். நூறு பேர் தங்கும் முகாமில் அதைக் கேட்க வாய் வராமல் துன்பப்படுவதைவிட, வீட்டிலேயே கூச்சமின்றி எடுத்து வைப்பது அறிவுடைமை அன்றோ? பிரியமான ஜெபமாலைக்கும் ஒரு மூலையில் இடம் உண்டு. அதற்கு எடை மிகக் குறைவு, ஆறுதலோ அதிகம்.

எவ்வளவு எடை? எங்கே வைப்பது?

மாணவியின் புத்தகப்பை அவளது எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் பள்ளிப்பைக் கொள்கை கூறுகிறது. அதே அளவை இங்கும் கொள்ளலாம். 45 கிலோ எடையுள்ள ஒரு பெண் நாலரைக் கிலோ சுமந்தால் போதும். ஒரு பெரிய மூட்டையைவிட ஆளுக்கொரு சிறு பையே மேல். முழங்கால் அளவு நீரில் நடக்கும்போது கைகள் இரண்டும் காலியாக இருக்க வேண்டுமாதலால் முதுகில் மாட்டும் பையே சிறந்தது. புதிதாக வாங்க வேண்டியதில்லை. சென்ற ஆண்டின் பழைய புத்தகப்பையே போதும்.

அதனைப் பரண்மீது போடாமல் வாசலருகே ஆணியில் மாட்ட வேண்டும். ஆண்டுக்கு இருமுறை திறந்து, கெட்டுப்போன தின்பண்டங்களையும் காலம் கடந்த மாத்திரைகளையும் மாற்ற வேண்டும். ஆண்டுத் தேர்வு முடிந்த ஏப்ரலில் ஒரு முறையும், அக்டோபர் 2 அன்று ஒரு முறையும் செய்யலாம். அன்று காந்தி ஜெயந்தி விடுமுறை. காவல் தூதர்கள் திருநாளும் அதுவே. மழைக்காலம் தொடங்கும் வேளையும் அதுவே. ஜப்பானிலும் இத்தகைய நாள் ஒன்று உண்டு. 1923 செப்டம்பர் 1-ஆம் நாள் டோக்கியோவை அழித்த நிலநடுக்கத்தின் நினைவாக, அந்நாளில் மக்கள் பேரிடர்ப் பயிற்சி செய்கின்றனர்.

பையை மறக்க வேண்டிய நேரம்

புயல் சொல்லிவிட்டு வருகிறது. வானிலை ஆய்வுத்துறை பெரும்பாலும் இரண்டு நாட்களுக்கு முன்பே எச்சரிக்கிறது. துறைமுகங்களில் கூண்டு ஏற்றப்படுகிறது. ஆனால் ஆழிப்பேரலை அப்படியன்று. 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை 6.29 மணிக்குச் சுமத்ரா அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது. சில மணி நேரத்திற்குள் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வேளாங்கண்ணிக்கு வந்திருந்த திருப்பயணிகளும் அவர்களுள் அடங்குவர். அன்று நம் நாட்டில் ஆழிப்பேரலையை முன்னறிவிக்கும் மையம் இல்லை. 2007-இல்தான் ஐதராபாத்தில் அது அமைந்தது. நிலம் வெகுநேரம் குலுங்கினாலோ, கடல் திடீரென்று உள்வாங்கினாலோ பையைத் தேடக்கூடாது. மேட்டை நோக்கி ஓட வேண்டும். பொருளைக் காக்க ஒரு விநாடியும் செலவிடாதிருப்பதே அங்கு அறிவு.

அவகாசமிருந்து புறப்படும்போது, மின்சார மெயினை அணைத்து, எரிவாயு உருளையை மூடி, ஆடுமாடுகளின் கயிற்றை அவிழ்த்துவிட்டுச் செல்ல வேண்டும்.

முடிவாக

இவ்வளவும் நம்மை மட்டும் காத்துக்கொள்ளும் சுயநலம் என்று சிலர் எண்ணலாம். சற்றுச் சிந்தித்தால் அவ்வாறன்று என்பது புலனாகும். நள்ளிரவில் தண்ணீர் வாசற்படி ஏறும்போது, குடும்ப அட்டை எங்கே, மாத்திரை எங்கே என்று தேடிக்கொண்டிருப்பவரால் எவருக்கும் உதவ முடியாது. பையை மாட்டிக்கொண்டு ஒரு நிமிடத்தில் புறப்படுபவருக்கோ நேரமும் மிஞ்சுகிறது, இரு கைகளும் மிஞ்சுகின்றன. அக்கைகளைக் கொண்டு அடுத்த வீட்டுப் பாட்டியைத் தாங்கலாம். கைக்குழந்தைக்காரியின் மூத்த பிள்ளையைத் தூக்கலாம். பிறருக்கு உதவும் கைகள் முதலில் காலியாக இருக்க வேண்டும். அதற்காகவே இந்தப் பை.

தோழியரே, வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. இவ்விதழை மூடி வைத்ததும் பரணிலுள்ள பழைய புத்தகப்பையை இறக்குங்கள். பெற்றோரையும் உடன் அழைத்துக்கொள்ளுங்கள். பாட்டியின் மருந்துச் சீட்டிலிருந்து தொடங்குங்கள்.