படகுக்கு முதல் வாக்கி டாக்கி... எதைப் பார்த்து வாங்கணும்?

2020 நவம்பர் 25 நள்ளிரவில் நிவர் புயல் கரையைக் கடந்தது மரக்காணத்துக்குப் பக்கத்தில்தான். உப்பளத்துக்காரர்களுக்கு வானிலைச் செய்தி டி.வி-யிலேயே வந்துவிடும். கடலுக்குள் இருப்பவருக்கு? 2017-ல் ஒக்கி வந்தபோது குமரி மீனவர்கள் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தார்கள். செல்போன் டவர் எட்டாத அந்த இடத்துக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை.

எக்கியார்குப்பம், அழகன்குப்பம் பக்கம் ஃபைபர் படகு வைத்திருப்பவர்கள் முதல் செட் வாங்கும்போது விலையை அப்புறம் பாருங்கள். அது 'மரைன் வி.எச்.எஃப்' செட்தானா என்று முதலில் கேளுங்கள். உலகம் முழுக்க ஆபத்து அழைப்புக்கு 16-வது சேனல்தான், 156.8 மெகாஹெர்ட்ஸ். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் பொம்மை வாக்கி டாக்கியில் இது வராது.

அடுத்து, 'டூயல் வாட்ச்' வசதி. பக்கத்துப் படகோடு வேறு சேனலில் வலை, மீன் கதை பேசிக்கொண்டிருந்தாலும், செட் 16-ஐயும் கேட்டுக்கொண்டே இருக்கும். என்னைக் கேட்டால், இது இல்லாத செட்டே வேண்டாம்.

கேபின் இல்லாத படகுக்கு, தண்ணீரில் விழுந்தால் மிதக்கும் 5 வாட் கைச்செட் போதும். ஆனால், ரெண்டு சின்னப் படகுகளுக்கு நடுவே பத்து கிலோமீட்டர் எட்டுவதே கஷ்டம். காரணம், இந்த அலை நேர்க்கோட்டில் போகும். பூமியின் வளைவு மறைத்துவிடும். விசைப்படகு என்றால் 25 வாட் செட்டும், உயரமான ஆன்டெனாவும் வையுங்கள். வாட்டைவிட உயரம்தான் தூரத்தைக் கூட்டும்.

செட்டுக்கு அரசு உரிமம் வேண்டும். பணம் கட்டும் முன் மீன்வளத்துறை அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள்.

கரையில் காத்திருக்கும் வீட்டுக்காரர்கள் 1554 என்ற எண்ணை போனில் பதிந்து வையுங்கள். கடலோரக் காவல்படையின் இலவச உதவி எண் அது.