8.3 எங்கே போனது?

தரத் தணிக்கைக்கு வருபவர்கள் நீட்டி முழக்குவதில்லை. "எட்டு புள்ளி மூன்றில் ஒரு என்.சி." (இணக்கமின்மை) என்றால் போதும், தரப் பிரிவு மேலாளருக்கு வியர்த்துவிடும். ஐஎஸ்ஓ 9001 தரநிலையின் 2008 பதிப்பில் 8.3 என்பது, குறையுள்ள பொருள் நல்ல சரக்கோடு கலந்துவிடாமல் தனியே வைக்கச் சொல்லும் விதி. 2015-இல் தரநிலையைத் திருத்தி எழுதியபோது 8 பிரிவுகள் 10 ஆயின. அந்த விதி 8.7-க்குப் போனது; 8.3-இல் வடிவமைப்பு வந்து உட்கார்ந்தது. பழைய எண்ணைச் சொல்லும் படிவங்களையெல்லாம் தேடித் திருத்த வேண்டியிருந்தது.

தொழில்நுட்ப ஆவணத்தில் தலைப்பு எண் கதவிலக்கம் மாதிரி. பக்க எண்ணை நம்ப முடியாது. எழுத்தின் அளவைக் கூட்டினாலே பக்கம் நகர்ந்துவிடும். எண்ணிடுவதற்கென்றே ஐஎஸ்ஓ 2145 என்று ஒரு தரநிலை இருக்கிறது. நிலைகளுக்கு நடுவே புள்ளி உண்டு, கடைசி எண்ணுக்குப் பின் கிடையாது. இந்தப் புள்ளி தசமப் புள்ளி அல்ல. 1.9-க்கு அடுத்தது 1.10. கோப்புப் பெயர்களில் இப்படி எண் வைத்தால், சில மென்பொருள்கள் 1.10-ஐ 1.2-க்கு முன்னால் கொண்டுபோய் அடுக்கிவிடும்.

எண்களைக் கையால் தட்டுவது வம்பை விலைக்கு வாங்குவது. நடுவில் ஒரு பிரிவு நுழைந்தால், 'பிரிவு 4.2 பார்க்க' என்ற வரி சத்தமில்லாமல் பொய்யாகிவிடும். வேர்டில் தலைப்புப் பாணியைப் பலநிலைப் பட்டியலோடு இணைத்து, குறுக்குக் குறிப்பையும் அதற்கான கட்டளை வழியே செருகினால், மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து எஃப்9 தட்டியதும் எண்கள் சரியாகும். லேட்டெக் முதல் ஓட்டத்தில் எண்களைத் துணைக்கோப்பில் குறித்துக்கொண்டு, அடுத்த ஓட்டத்தில்தான் இடத்தில் நிரப்பும். சுட்டிய பெயர் கிடைக்காவிட்டால் '??' என்று அச்சிடும். தவறான எண்ணைவிட அது எவ்வளவோ மேல்.

இந்த வசதியெல்லாம் வரைவு முடியும்வரைதான். வெளியே போன ஆவணத்தில் எண்ணை நகர்த்தக் கூடாது என்பதே என் கட்சி. சட்டம் எழுதுகிறவர்கள் இதில் கெட்டிக்காரர்கள். 2002-இல் கல்வி உரிமையைச் சேர்த்தபோது, இந்திய அரசியல் சட்டத்தில் 22-ஐ நகர்த்தாமல் 21ஏ என்று செருகினார்கள். 1956-இல் நீக்கிய 238-ஆவது உறுப்பின் எண்ணை வேறு எதற்கும் கொடுக்கவில்லை.

எண்களை நகர்த்திய ஐஎஸ்ஓ-வுக்கும் ஒரு நியாயம் உண்டு. தரத்துக்கான 9001, சுற்றுச்சூழலுக்கான 14001, தொழில் பாதுகாப்புக்கான 45001 எல்லாவற்றுக்கும் ஒரே அமைப்பை வகுத்தார்கள். இன்று மூன்றிலும் உள் தணிக்கை 9.2-தான். பழைய, புதிய எண்களுக்கான ஒப்பீட்டு அட்டவணையையும் வெளியிட்டார்கள்.